வாசலில் மேன்ஹோல், வீட்டில் செப்டிக் டேங்க்: கலிஃபோர்னியா எல்லைச் சட்டத்தில் எதை மாற்றச் சொல்லிக் கேட்கலாம்?

வேப்பமரத்தடி

எல்லோருக்கும் வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சான் வாக்கின் பள்ளத்தாக்கில் ஒரு சிட்டியின் ஓரத்தில் 2016-லிருந்து குடியிருக்கிறோம். தபால் முகவரியில் சிட்டியின் பெயர் இருக்கும், ஆனால் நாங்கள் சிட்டிக்குள் இல்லை. கவுண்டி (மாவட்டம் மாதிரி) நேரே பார்க்கும் நிலம். எங்கள் தெருவில் 38 வீடுகள். பெரும்பாலும் திராட்சை, ஆரஞ்சுத் தோட்டங்களில் வேலை பார்க்கும் மெக்சிகோ குடும்பங்கள். தமிழ் வீடு எங்களுடையது ஒன்றுதான். வீட்டுக்கு ஒரு போர்வெல், வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எங்களுக்குப் பின்பக்கம் இருந்த பாதாம் தோட்டத்தை சிட்டி தன் எல்லைக்குள் எடுத்துக்கொண்டது. இன்று அங்கே வரிசையாகப் புது வீடுகள். அந்த வீடுகளுக்கான பாதாளச் சாக்கடைக் குழாயை எங்கள் தெருவைத் தோண்டித்தான் கொண்டுபோனார்கள். என் டிரைவ்வேக்கு நேர் எதிரே மேன்ஹோல் மூடி. செவ்வாய்க்கிழமை குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது சக்கரம் அதன் மேல் ஏறி இறங்கும். போன மழையில் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு செப்டிக் டேங்க் பொங்கிவிட்டது. பாத்ரூமைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளைக் காலையும் ராத்திரியும் காரில் ஏற்றி கேஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். நான்கு நாள். குழாய் அவர் வீட்டுப் படியிலிருந்து 30 அடிகூட இருக்காது.

சிட்டியில் கேட்டால், நீங்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள் என்கிறார்கள். கவுண்டியில் கேட்டால், சிட்டியோடு வரிப் பங்கீடு பேசி முடியவில்லை என்கிறார்கள். லாஃப்கோவில் கேட்டால், விண்ணப்பம் வரட்டும், பார்க்கலாம் என்கிறார்கள். (லாஃப்கோ என்பது சிட்டி, அதோடு தண்ணீர், தீயணைப்பு மாதிரி வேலைகளுக்கென்று அமைந்த ஸ்பெஷல் டிஸ்ட்ரிக்ட் இவற்றின் எல்லைகளைத் தீர்மானிக்கும் கமிஷன். 58 கவுண்டியிலும் ஒவ்வொன்று உண்டு.)

எங்கள் தொகுதி அசெம்பிளி உறுப்பினரின் ஆபீசில் அடுத்த மாதம் பத்து நிமிஷம் பேச நேரம் கொடுத்திருக்கிறார்கள். இந்த எல்லைச் சட்டங்களில் எதை மாற்ற வேண்டும் என்று எழுதியும் கொண்டுவரச் சொன்னார்கள். பத்து நிமிஷத்தில் எதைச் சொல்வது? விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

அல்விசோக் கரை

தம்பி, முதலில் இந்தச் சட்டம் ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். பேசும்போது உதவும்.

நான் சான் ஹோசேக்கு வந்தது 1984-ல். ஆனால் இந்த ஊர் இப்படி ஆனதன் கதை 1950-லேயே தொடங்குகிறது. அந்த வருஷம் டச் ஹாமன் சிட்டி மேனேஜராக வந்தார். 1969 வரை இருந்தார். அந்தக் காலத்தில் கிட்டத்தட்ட 1,400 தடவை நிலத்தைச் சேர்த்துச் சேர்த்து, 17 சதுர மைல் ஊரை 130 சதுர மைலுக்கு மேல் கொண்டுபோனார்கள். ஒரு ரோட்டை மட்டும் நாடா மாதிரி எடுத்துக்கொள்வது, அதன் முனையில் இருக்கும் தோட்டத்தை எடுப்பது, நடுவில் இருப்பவர்களை அப்படியே விட்டுவிடுவது. பக்கத்து ஊர்கள் பயந்துபோய், தங்களைக் காப்பாற்றிக்கொள்ள அவசர அவசரமாக சிட்டி ஆனார்கள். நான் பெயராக வைத்திருக்கும் அல்விசோ என்ற ஊர் 1968-ல் சான் ஹோசேக்குள் போனது. ஓட்டு நடந்தது, தகராறும் நடந்தது.

இந்த மாதிரி ஓட்டப்பந்தயத்தை நிறுத்தத்தான் 1963-ல் லாஃப்கோ வந்தது. விளைநிலம் கண்டபடி போகக் கூடாது, எல்லை கோணல் மாணலாக ஆகக் கூடாது என்பதுதான் நோக்கம். அதற்கு முன்பே விழுந்த ஓட்டைகள் இன்னும் மூடவில்லை. பாஸ்கம் அவென்யூ பக்கம் பர்பாங்க் என்று ஒரு பகுதி, நாலு பக்கமும் சான் ஹோசே, அது மட்டும் கவுண்டி.

பள்ளிக்கூடம் தேடி வீடு வாங்கிய நம்மவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். முகவரி சான் ஹோசே, பிள்ளை படிப்பது குப்பர்டினோ யூனியன் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். ஊர் எல்லை ஒரு பக்கம் ஓடியது, பள்ளி எல்லை வேறு பக்கம் நின்றது.

வரைபடக்காரி

நான் கவுண்டி பார்சல் (மனை) வரைபடங்களோடு பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். சட்ட ஆலோசனை இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

வேப்பமரத்தடி சார், உங்கள் பிராப்பர்ட்டி டாக்ஸ் பில்லை எடுத்துப் பாருங்கள். மேலே டாக்ஸ் ரேட் ஏரியா என்று ஒரு எண் இருக்கும். அதுதான் உங்கள் வீட்டின் ஜாதகம். எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், எந்தத் தீயணைப்பு டிஸ்ட்ரிக்ட், எந்தக் கொசு ஒழிப்பு டிஸ்ட்ரிக்ட், எந்த இடுகாட்டு டிஸ்ட்ரிக்ட் என்று எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் இருக்கிறது. ஒரே தெருவின் இரண்டு பக்கத்துக்கும் எண் வேறாக இருக்கலாம். எல்லையை நகர்த்தினால் நிஜத்தில் நகர்வது அந்த எண்தான், அதாவது பணம்.

1978-ல் புரொபோசிஷன் 13 வந்து சொத்து வரியை ஒரு சதவீதத்தில் கட்டிவிட்டது. அந்த ஒரு சதவீதத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை 1979 சட்டம் பங்கு போட்டுவிட்டது. இன்றும் அடிப்படை அதுதான். அதனால் ஒரு நிலத்தை சிட்டி சேர்த்துக்கொண்டால், கவுண்டி தன் பங்கிலிருந்து எவ்வளவு விட்டுத்தரும் என்று முதலில் பேச வேண்டும். அந்த உடன்பாடு வரும்வரை லாஃப்கோ விசாரணைக்கே எடுக்க முடியாது. புது வீடு, கடைத்தெரு என்றால் இரண்டு பேரும் சீக்கிரம் பேசி முடிப்பார்கள். பழைய வீடு, குறைந்த மதிப்பு, ரோடு போட வேண்டும், குழாய் போட வேண்டும் என்றால் யாருக்கும் அவசரம் இல்லை. உங்கள் தெரு நிற்பது இந்த இடத்தில்தான்.

உங்களுக்காகவே ஒரு சட்டம் இருக்கிறது. 2011-ல் வந்த எஸ்.பி. (செனட் மசோதா) 244. ஒரு சிட்டி பத்து ஏக்கருக்கு மேல் சேர்க்கும்போது, அந்த நிலத்தை ஒட்டி வருமானம் குறைந்த கவுண்டிக் குடியிருப்பு இருந்தால், அதையும் சேர்க்க விண்ணப்பம் போட வேண்டும். மாநிலச் சராசரிக் குடும்ப வருமானத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்தக் கணக்கில் வரும். பாதாம் தோட்டத்தை எடுத்தபோது இதை ஏன் கேட்கவில்லை?

வேப்பமரத்தடி

கேட்டோம், மேடம். தோட்டத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பாசனக் கால்வாய் ஓடுகிறது. கால்வாயும் அதன் இரண்டு கரையும் இரிகேஷன் டிஸ்ட்ரிக்டுக்குச் சொந்தம். தோட்டம் இன்னொரு பக்கமாக சிட்டியைத் தொடுகிறது, எங்களைத் தொடவில்லை, அதனால் "ஒட்டிய குடியிருப்பு" இல்லை என்று பதில் வந்தது. அந்தக் கால்வாயை என் பையன் ஓடிவந்து தாண்டிவிடுவான்.

குழாயடி

லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். காம்ப்டன், வில்லோபுரூக் பகுதிக்குத் தண்ணீர் கொடுத்த சட்டீவா வாட்டர் டிஸ்ட்ரிக்ட் கதையை யாராவது சொல்லுங்கள் என்று காத்திருந்தேன். நானே சொல்கிறேன்.

1938-ல் தொடங்கிய சின்ன டிஸ்ட்ரிக்ட். 2018 வசந்தத்தில் குழாயைத் திறந்தால் காபி நிறத்தில் தண்ணீர். நண்பர் வீட்டில் ஒரு வெள்ளைத் துண்டை நனைத்துக் காட்டினார், பிழிந்தபின் அது வெள்ளையாக இல்லை. இந்த டிஸ்ட்ரிக்டைக் கலைக்கலாம் என்று லாஃப்கோ 2005-லேயே சொன்னது, 2012-லும் சொன்னது. ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் தனிச் சட்டம் போட்டுத்தான், அதே 2018-ல், நிர்வாகத்தை எடுத்து கவுண்டியிடம் கொடுத்தார்கள். எல்லோருக்கும் தனிச் சட்டம் போட முடியுமா?

அதனால் நான் சொல்வது இதுதான்: கெட்டுப்போன ஸ்பெஷல் டிஸ்ட்ரிக்டைக் கலைக்கும் அதிகாரத்தை லாஃப்கோவுக்கு இன்னும் கூட்ட வேண்டும். 2022-ல் எஸ்.பி. 938 வந்தது. முன்பெல்லாம் லாஃப்கோ தானாக ஒரு டிஸ்ட்ரிக்டைக் கலைக்க முயன்றால் பத்து சதவீதம் பேர் எதிர்ப்புக் கடிதம் கொடுத்தாலே தேர்தல் வைக்க வேண்டும். இப்போது, குறைகள் ஆதாரத்தோடு நிரூபணமாகி, ஒரு வருஷம் திருத்திக்கொள்ள அவகாசமும் கொடுத்த பிறகு என்றால், அது 25 சதவீதம். நல்ல மாற்றம்தான். ஆனால் ஒரு வருஷம் அந்தத் தண்ணீரை யார் குடிப்பது?

மலைவீடு 2009

குழாயடி அண்ணா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் எல்லா ஸ்பெஷல் டிஸ்ட்ரிக்டும் சட்டீவா இல்லை.

நாங்கள் மவுண்டன் ஹவுஸில் இருக்கிறோம். அல்டமான்ட் மலையைத் தாண்டி, அலமேடா கவுண்டி எல்லைக்கு இந்தப் பக்கம், சான் வாக்கின் கவுண்டி. நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் ஊர். 1996-லிருந்து ஒரு கம்யூனிட்டி சர்வீசஸ் டிஸ்ட்ரிக்ட்தான் எங்களுக்குத் தண்ணீர், சாக்கடை, பூங்கா எல்லாம். 2008-ல் வீட்டு விலை விழுந்தபோது, வீட்டு மதிப்பைவிடக் கடன் அதிகமாக இருந்த ஊர்களில் நாட்டிலேயே முதல் இடம் என்று எங்கள் பெயர் வந்தது. நான் வீடு வாங்கியது அடுத்த வருஷம். பாதித் தெருவில் விளக்கு எரியாது. ஆனாலும் குழாயில் தண்ணீர் ஒரு நாளும் நிற்கவில்லை. டிஸ்ட்ரிக்ட் போர்டில் ஐந்து பேர். கடையில் பார்த்தால் நிறுத்திக் கேள்வி கேட்கலாம், கேட்டிருக்கிறேன். 2024 மார்ச்சில் சிட்டி ஆகலாமா என்று ஓட்டு வைத்தபோது பத்தில் ஒன்பது பேர் சரி என்றார்கள். ஜூலை 1-ல் சிட்டி ஆனோம். யாரும் எங்களைத் தள்ளவில்லை. நாங்களே தயாராகிப் போனோம்.

தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு நேர் உதாரணம் இல்லை, ஆனால் மேலே இருப்பவர்கள் விதியை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஜூருபா வேலி என்ற ஊர் இருக்கிறது. 2011 ஜூலை 1-ல் சிட்டி ஆனார்கள். அதே நேரத்தில், சிட்டிகளுக்கு வந்துகொண்டிருந்த வாகனக் கட்டணப் பங்கை மாநிலம் எடுத்துவிட்டது. பல வருஷம் சிட்டியையே கலைக்கலாமா என்ற யோசனையில் இருந்தார்கள். எதை மாற்றச் சொன்னாலும், வருமானம் எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

தோட்டத்து வீடு

நான் இதற்கு எதிர்ப்பக்கம். கிராமத் தீயணைப்பு டிஸ்ட்ரிக்டில் வாலன்டியராக இருக்கிறேன். ஒவ்வொரு முறை சிட்டி நிலத்தைச் சேர்க்கும்போதும் அந்த நிலம் எங்கள் டிஸ்ட்ரிக்டிலிருந்து கழன்றுபோகும், வரியும் கூடவே போகும். மிஞ்சுவது தூரத்தில் இருக்கும் தோட்டங்களும் மலையடிவாரமும். வண்டி அதே வண்டிதான், டீசல் அதே டீசல்தான். பக்கத்தில் இருந்த வீடுகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. வேப்பமரத்தடி சார் தெருவுக்கு சாக்கடை வர வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு விலை எங்கள் ஸ்டேஷனை மூடுவதாக இருக்கக் கூடாது.

வரைபடக்காரி

தோட்டத்து வீடு சொல்வது உண்மையான கஷ்டம். சில இடங்களில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். ஃப்ரெஸ்னோ பக்கம், எடுத்த நிலத்துக்காக சிட்டி தீயணைப்பு டிஸ்ட்ரிக்டுக்குப் பணம் கொடுப்பதாக உடன்படிக்கை போட்டார்கள். சண்டையும் வந்தது, அது வேறு. ஆனால் அது அவரவர் பேரம். சட்டம் கட்டாயப்படுத்தினால், கிராமத்து டிஸ்ட்ரிக்ட்டுகள் ஒவ்வொரு அன்னெக்சேஷனையும் (நிலச் சேர்ப்பையும்) பயத்தோடு எதிர்க்க வேண்டியிருக்காது.

புதுசா வந்தவன்

ஒரு சின்ன சந்தேகம். இவ்வளவு சிக்கல் என்றால் கவுண்டி எல்லையையே மாற்றி, நல்லா நடத்துகிற கவுண்டியோடு சேர முடியாதா?

அல்விசோக் கரை

காகிதத்தில் வழி உண்டு, தம்பி. நடப்பில் அரிது. இந்த மாநிலத்தில் கடைசியாகப் பிறந்த கவுண்டி இம்பீரியல், சான் டியகோவிலிருந்து 1907-ல் பிரிந்தது. 2006-ல் சான்டா பார்பராவைப் பிரித்து மிஷன் கவுண்டி என்று ஒன்று கேட்டார்கள், ஓட்டில் பெரிய தோல்வி. ஷெரிப், கோர்ட், ஜெயில், பழைய கடன் என்று எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். ஒரு தெரு சாக்கடைக்காக அந்தப் பக்கம் போகாதீர்கள்.

குழாயடி

இன்னொன்று. டுலேரி பக்கம் மத்தேனி டிராக்ட் என்று ஒரு குடியிருப்பு. கறுப்பினக் குடும்பங்கள் நிலம் வாங்கி உருவாக்கிய இடம். கிணற்றில் ஆர்சனிக். டுலேரி சிட்டி பக்கத்திலேயே இருந்தும் வருஷக்கணக்கில் இழுத்தது. 2015-ல் மாநிலம் ஒரு சட்டம் போட்டு, தண்ணீர் வாரியம் கட்டாயமாக இணைக்கச் சொல்லலாம் என்றது. 2016-ல் மத்தேனிக்குத் தண்ணீர் வந்தது. ஆனால் சிட்டியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அவர்களுக்குப் பக்கத்து நிலத்தில் இருக்க, அவர்கள் அப்போதும் செப்டிக் டேங்க் வைத்துத்தான் வாழ்ந்தார்கள். தண்ணீர்ச் சட்டம் சாக்கடையைத் தொடவில்லை.

2018-ல் எஸ்.பி. 1215 வந்து சாக்கடைக்கும் வழி திறந்தது. வருமானம் குறைந்த இடத்தில் செப்டிக் சரியில்லை என்றால், பிராந்தியத் தண்ணீர் வாரியம் பக்கத்து சிட்டியையோ டிஸ்ட்ரிக்டையோ இணைப்புக் கொடுக்கச் சொல்லலாம். வேப்பமரத்தடி சார், சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் அந்த வாரியத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவின் அந்த நான்கு நாளைத் தேதியோடு எழுதுங்கள்.

மலைவீடு 2009

நம்மவர்களுக்காக ஒரு கேள்வி. என் தம்பி எச்1பி-யில் இருக்கிறான், வீடு வாங்கிவிட்டான். அவன் பகுதியை ஒரு சிட்டி சேர்க்கப் போவதாக நோட்டீஸ் வந்திருக்கிறது. ஓட்டு இல்லை. அவனுக்கு எந்தக் குரலும் கிடையாதா?

வரைபடக்காரி

உண்டு. பலருக்குத் தெரியாத விஷயம் இது. எதிர்ப்புக் கடிதம் இரண்டு வழியில் கொடுக்கலாம்: பதிவு செய்த வாக்காளராக, அல்லது நில உரிமையாளராக. ஆட்கள் குடியிருக்கும் பகுதியில் வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் எதிர்த்தால் தேர்தல் வைக்க வேண்டும். நில உரிமையாளர்களில் 25 சதவீதம் பேர், அவர்கள் கையில் நில மதிப்பில் 25 சதவீதமும் இருந்தால், அப்போதும் தேர்தல்தான். வாக்காளர்களில் பாதிப் பேர் எதிர்த்தால் திட்டமே ரத்து. ஆகவே உங்கள் தம்பி உரிமையாளராகக் கையெழுத்துப் போடலாம். ஆனால் அதற்குப் பிறகு வரும் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. வாடகைக்கு இருக்கும், ஓட்டில்லாத குடும்பத்துக்கு இரண்டு கதவும் மூடியிருக்கிறது.

அப்புறம், அந்த 12 என்ற எண். 12 வாக்காளருக்குக் கீழே இருந்தால் சட்டத்தின் கண்ணில் அது "ஆள் குடியிருக்காத" இடம். அங்கே நில மதிப்புதான் பேசும். எஸ்.பி. 244 சொல்லும் குடியிருப்புக்கும் பொதுவாகக் குறைந்தது 12 வாக்காளர்கள் வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளை வரைபடத்தில் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு ஐந்து, ஆறு பேர். வாசலில் பிள்ளைகளின் சைக்கிள்கள் வான்படத்திலேயே தெரியும். வாக்காளர் பட்டியலில் ஒன்பது பேர். அந்த ஒன்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். உங்கள் பத்து நிமிஷத்தில் வேறு எதுவும் சொல்ல முடியாமல் போனாலும் இதைச் சொல்லிவிடுங்கள், சார். வாக்காளர்களை எண்ண வேண்டாம், அங்கே வாழும் ஆட்களை எண்ணச் சொல்லுங்கள்.

தோட்டத்து வீடு

இதில் நானும் உங்களோடுதான். தீ எரியும்போது நாங்கள் வாக்காளர் பட்டியலைப் பார்த்தா தண்ணீர் அடிக்கிறோம்?

வேப்பமரத்தடி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒரு பக்கத்துக்குள் சுருக்கியிருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது.

முதலில் மேடம் சொன்ன 12. வாக்காளர் எண்ணிக்கைக்குப் பதிலாகக் குடியிருக்கும் ஆட்களின் எண்ணிக்கை. இதற்குத்தான் ஐந்து நிமிஷம் வைத்திருக்கிறேன்.

அடுத்து "ஒட்டிய" என்ற சொல். நடுவில் கால்வாய், ரோடு, ரயில் பாதை இருந்தாலும் ஒட்டியதாகவே கொள்ள வேண்டும். விண்ணப்பம் போட்டாலே போதும் என்று இப்போது இருப்பதை மாற்றி, புது வீடுகளும் பழைய தெருவும் ஒரே நாளில் எல்லைக்குள் வர வேண்டும் என்று கேட்கிறேன். வரிப் பங்கீட்டில் சிட்டியும் கவுண்டியும் குறிப்பிட்ட காலத்துக்குள் முடிவுக்கு வராவிட்டால், இந்த மாதிரி தெருக்களுக்கு மட்டும் சட்டமே ஒரு பங்கை வைத்துவிட வேண்டும். மலைவீடு சொன்னதால் இதைச் சேர்த்தேன். தோட்டத்து வீடு அவர்களே, நிலத்தை இழக்கும் தீயணைப்பு டிஸ்ட்ரிக்டுக்கு ஈடு கட்டாயம் என்று ஒரு வரி உங்களுக்காக இருக்கிறது. சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நோட்டீஸ் பற்றியும் எழுதியிருக்கிறேன். எங்கள் தெருவுக்குத் தோட்டத்து அன்னெக்சேஷன் நோட்டீஸ் வந்தது ஆங்கிலத்தில் மட்டும். எதிர்வீட்டுப் பெரியவருக்கு ஸ்பானிஷே இரண்டாம் மொழி. வீட்டில் பேசுவது மிஷ்டெக் என்ற மெக்சிகோப் பழங்குடி மொழி. அவர் அதை ஏதோ விளம்பரம் என்று நினைத்து மடித்து வைத்திருந்தார். போன வாரம்தான் என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

தண்ணீர் வாரியத்துக்குக் கடிதம் நேற்று தபாலில் போய்விட்டது.

குழாயடி

அருமை. கையெழுத்து வாங்குகிறீர்களா?

வேப்பமரத்தடி

வாங்கிக்கொண்டிருக்கிறேன். 38 வீட்டில் 31 வீடு முடிந்தது. பக்கத்து வீட்டு அம்மாதான் கூடவே வந்து ஸ்பானிஷில் விளக்கினார். ஓட்டு இருக்கிறவர், இல்லாதவர் என்று பிரிக்கவில்லை. பெயர், வீட்டு எண், வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதுகிறோம். இதுவரை 143 பேர். மீதி ஏழு வீட்டில் பகலில் ஆள் இல்லை, ஆரஞ்சு பறிக்கப் போய்விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போகலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.